கலூரில் ஊதாத ட்ரம்பெட்

ரம்யா,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். மலையாளம் என்றால் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடிப்பவள், தமிழ் என்றால் வரிக்கு வரி நின்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பாய். மலையாளத்தில் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். ரெண்டு வரி எழுதியதும் ஏதோ ஆபீஸுக்கு விண்ணப்பம் எழுதுகிற மாதிரி வந்தது, கிழித்துப் போட்டேன். வீட்டில் உன்னைத் திட்டுகிற மொழியில்தான் எனக்கு உண்மை வருகிறது. தவிர, நீ மெதுவாகப் படிப்பதில் எனக்கும் ஒரு வசதி இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்குத் தாவி, அம்மா என்ன சொல்ல வருகிறாள் என்று பார்த்துவிட்டுக் காகிதத்தைத் தூக்கிப் போட உன்னால் முடியாது. இந்த ஒரு தடவை உன் அவசரத்தை மூட்டை கட்டி வை.

இன்று சனிக்கிழமை. அப்பா கொச்சங்காடிக் கிடங்குக்குப் போய்விட்டார், மிளகு லோடு வந்திருக்கிறதாம். நீ வைட்டிலாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு நாலு மணிக்கு வருவாய். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். திங்கட்கிழமை நீ பெங்களூருக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற பித்தளைக் குழு, அதில் ஃபர்ஸ்ட் ட்ரம்பெட், முன்னால் நின்று ஊதுகிற இடம், ஊர் ஊராகப் போய் வாசிப்பது, எல்லாம் அவர்களாகவே கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். நீ வேண்டாம் என்று எழுதப்போகிறாய். எழுதக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் கூடாது என்கிற காரணத்தைச் சொன்ன பிறகு நீ என் முகத்தில் முழிப்பாயா என்று நினைத்தால் பேனாவை மூடி வைத்துவிடலாமா என்று இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் நான் மத்தி கழுவிக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து நின்று சாதாரணமாகச் சொன்னாய். "பெங்களூர்க்காரிங்கட்ட வரலைன்னு சொல்லப் போறேம்மா. செகண்டு ட்ரம்பெட்னா யோசிச்சிருப்பேன். ஃபர்ஸ்ட்டு வேண்டாம்." நான் ஏன்டி என்று கேட்டேன். "கலூர்ல நடந்தது மறந்துபோச்சா? நான் கடைசி நிமிஷத்துல எதையாவது கொளமாக்குவேன். பத்துப் பேரோட சோத்துல மண்ணு விழும். என்னை நம்பி ஒரு ஆளு முன்னாடி நிக்க வைக்கப்படாது." அப்படிச் சொல்லிவிட்டு ஃபிளாஸ்கிலிருந்து சாயா ஊற்றிக் குடித்துவிட்டுப் போய்விட்டாய். முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை. உன் உயரம் இவ்வளவு, உன் எடை இவ்வளவு என்று சொல்கிற மாதிரி சொன்னாய்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்லட்டுமா? முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அப்பாடா, பிள்ளை எங்கேயும் போகவில்லை என்று. கையில் மீனோடு நின்று சாமிக்கு நன்றி சொன்னேன். அதற்குப் பிறகுதான் நீ சொன்ன வார்த்தை ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. என்னை நம்பக் கூடாது என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டு நான் நிம்மதிப்பட்டேனே, நான் என்ன பிறவி என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு இல்லை என்று நீங்கள் ரெண்டு பேரும் சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?

நான் பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். இந்தத் தெருவுக்கே தெரியும். கீழ்வீட்டு சேட்டன் என்னைக் கண்டால் "எந்தா சேச்சி, இன்னைக்கு எதுக்குப் பயம்?" என்றுதான் கேட்பார். ஆனால் நான் எதற்குப் பயந்தேன் என்பதில் நீ ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். மற்ற அம்மாக்கள் பிள்ளை தண்ணீரில் விழுவாள், பஸ்ஸில் அடிபடுவாள் என்று பயப்படுவார்கள். எனக்கு உன் வாய்தான். உனக்குக் கரும்பு கடிக்கக் கொடுத்ததில்லை. ஊஞ்சலில் முன்பக்கமாக உட்கார விட்டதில்லை. சைக்கிள் வாங்கித் தரவில்லை. சோடா பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தால் எங்கிருந்தாலும் ஓடி வந்து ஸ்ட்ரா போடுவேன். கான்வென்டில் சிஸ்டர் உன்னைப் பள்ளிக்கூட பேண்டில் சேர்த்து ட்ரம்பெட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து நான் உன் முகத்தைப் பார்த்ததைவிட உன் உதட்டையும் முன்பல்லையும் பார்த்ததுதான் அதிகம். உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். "அம்மா, என்கிட்ட பேசறியா, என் பல்லுகிட்ட பேசறியா?" என்று ஒருநாள் கத்தினாய்.

நான் யூஃபோனியம் வாசித்தவள் என்பது உனக்குத் தெரியும். அலமாரிக்குள் இருக்கிற அந்த ஒரு போட்டோவைப் பார்த்திருக்கிறாய். வெள்ளைப் பேன்ட், சிவப்புக் கோட்டு, தலையில் தொப்பி, இடுப்பளவு பித்தளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒருத்தி. நாங்கள் பதினாறு பெண்கள், லேடீஸ் பேண்ட் செட். தோப்பும்படிப் பக்கம் ஒரு மாஸ்டர் எங்களைச் சேர்த்தார். மட்டாஞ்சேரிப் பெண்கள், ஃபோர்ட் கொச்சிப் பெண்கள், நம்மை மாதிரி தமிழ் பேசுகிற வீட்டிலிருந்து நான் ஒருத்தி மட்டும். சர்ச் பெருநாளுக்கும் போவோம், கோயில் உற்சவத்துக்கும் போவோம், கல்யாணத்துக்கும் போவோம். ஆண்கள் செட்டை ஜனங்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கேட்பார்கள், எங்களை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். நான் முதல்முதலாகக் கீழ் ஸ்வரத்தைப் பிடித்து நீளமாக ஊதியபோது நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. இருபது வயதுவரைக்கும் வீட்டில் மெதுவாகப் பேசு, மெதுவாகச் சிரி என்று கேட்டு வளர்ந்தவளிடம் ஒருத்தர், இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் நீ எங்கேயாவது கிளம்பிவிடுவாய் என்று பயம்.

எனக்குப் பக்கத்தில் எப்போதும் நடந்தவள் ஃபிலோ சேச்சி. ஃபிலோமினா. ட்ரம்பெட் வாசிப்பாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள்தான் எனக்கு ஒரு குறும்பைச் செய்தாள். புதிதாக எந்தப் பெண் செட்டில் சேர்ந்தாலும் முதல் நாளே அவளுக்குத் தெரியாமல் வால்வை மாற்றிப் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். உனக்குத் தெரியாததா, மூன்று வால்விலும் ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண் பொறித்திருக்கும். ஒன்றையும் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊதினால் காற்று அப்படியே அடைத்துக்கொள்ளும். புதுப்பெண் முகம் சிவக்கச் சிவக்க ஊதுவாள், உஸ் உஸ் என்று வரும், நாங்கள் தரையில் உருண்டு சிரிப்போம். பிறகு யாராவது ஒருத்தி போய் மூடியைத் திருகி, எண்ணைக் காட்டி, சரிசெய்து கொடுப்பாள். அதோடு அவள் எங்களில் ஒருத்தி ஆகிவிடுவாள். எனக்கு அப்படி நடந்த அன்றைக்கு நான் அழுதேவிட்டேன். ஃபிலோ சேச்சி என் கண்ணைத் துடைத்து, "இனி வாழ்க்கையில நம்பர் பாக்காம நீ ஊதமாட்ட" என்றாள்.

மூன்றாம் வருடம் ஒரு பெருநாள் ஊர்வலத்தில் அவளுக்கு அடிபட்டது. ஊர் பெயர் வேண்டாம். நல்ல கூட்டம், குறுகலான ரோடு. ஓரமாகக் குடித்துவிட்டு நின்ற ஒருத்தன், வேறு ஒன்றுக்கும் இல்லை, விளையாட்டுக்கு, நடந்துகொண்டே ஊதிக்கொண்டிருந்தவளின் ட்ரம்பெட்டின் வாயைக் கையால் ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான். மவுத்பீஸ் போய் அவள் பல்லில் இடித்தது. மேல் உதடு கிழிந்து, முன்பல் ரெண்டும் உள்ளே மடங்கிவிட்டது. நான் பக்கத்தில் யூஃபோனியத்தை ஊதிக்கொண்டே நடந்து ரெண்டு மூன்று எட்டு முன்னால் போய்விட்டேன், அவள் நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் பேன்ட் முழுக்க ரத்தம். அவள் அழவில்லை, ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். தட்டியவன் சிரித்துக்கொண்டு நின்றான். என்ன ஆயிற்று என்றே அவனுக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு நான் மூன்று நிகழ்ச்சிக்குப் போனேன். மூன்றிலும் எனக்கு வாசிப்பு ஓடவில்லை. கூட்டத்தில் யார் கையைத் தூக்கினாலும் என் உதடு தானாக மவுத்பீஸை விட்டு விலகும். மாஸ்டரிடம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்லி நின்றுவிட்டேன். உன்னிடம் நான் என்ன சொல்லியிருக்கிறேன்? "உங்கப்பாவுக்குப் பிடிக்கல, அதான் விட்டுட்டேன்" என்று. பச்சைப் பொய். உங்கப்பா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணமாகி முதல் மாதத்திலேயே, "நீ வாசிப்பியாமே, ஒரு நாள் ஊதிக் காட்டேன்" என்று கேட்ட மனுஷன். நான்தான் மாட்டேன் என்றேன். இத்தனை வருடமாக அவர் தலையில் அந்தப் பழியைப் போட்டு, நீ அவரிடம் கோபப்பட்டுப் பேசாமல் இருந்த நாளிலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் எனக்காக அதைச் சும்மா ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் வந்ததும் அவரிடம் சிரித்துப் பேசு.

இனி கலூருக்கு வருகிறேன். இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உனக்குப் பதினாறு. சென்னையில் ரெண்டு வருடம் தங்கிப் படிக்கிற இடம், செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், தேர்வு கலூரில் ஒரு ஹாலில். சிஸ்டர் வீட்டுக்கே வந்து, "இவளுக்குக் கிடைக்கும், தாராளமா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கிடங்கில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டார், தேர்வுக்கு முன்னாலேயே. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. நீ சென்னைக்குப் போனால் உன் வாய் என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். எந்தத் தெருவில், எந்தக் கூட்டத்தில், எவன் கை நீளும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். உன் அப்பாவிடம், சிஸ்டரிடம், உன்னிடமே. சொன்னால் எல்லாரும் சேர்ந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவார்கள், நானும் சரி என்றுவிடுவேன், நீ போய்விடுவாய். அதனால் சொல்லவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் நீ வால்வுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, சரியாகத்தான் பூட்டி வைத்தாய். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் எண்ணையும் பார்த்துப் பார்த்துப் போட்டாய். பிறகு ஒரு தடவை ஊதியும் பார்த்தாய், கீழ்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. நான், "காலையில ட்ரம்பெட்ட எடுக்காதடி, உதடு களைச்சுப்போகும், மவுத்பீஸை மட்டும் ஊது" என்றேன். அதைச் சொல்லும்போதே என் மனதில் அந்த எண்ணம் இருந்ததா இல்லையா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், இன்றும் தெரியவில்லை. காலையில் நீ குளிக்கப் போனாய். நான் உன் பெட்டியைத் திறந்து, ஒன்றாம் வால்வையும் மூன்றாம் வால்வையும் எடுத்து மாற்றிப் போட்டு, மூடியைத் திருகி, பெட்டியைச் சாத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை நடுங்கவே இல்லை, ரம்யா. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். குளியலறையில் நீ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

நீ மாற்றிப் போடவில்லை. நான்தான் மாற்றிப் போட்டேன். மெதுவாகப் படிக்கிறவள் என்பதால் இந்த வரியை இன்னொரு தடவை எழுதுகிறேன். நீ எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாய். நான்தான் கெடுத்தேன்.

பஸ்ஸில் நீ மவுத்பீஸை மட்டும் வாயில் வைத்து வண்டு மாதிரி ஊதிக்கொண்டு வந்தாய். எல்லாரும் திரும்பிப் பார்க்க, வெட்கப்பட்டுச் சிரித்து என் தோளில் முகத்தை மறைத்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஹாலுக்குப் போனால் உனக்கு முன்னால் இருந்த ரெண்டு பிள்ளைகள் வரவில்லை, போன உடனேயே உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு ஓடினாய். கதவில் இருந்த கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். மூச்சை இழுத்து, தலையை நிமிர்த்தி நின்றாய். உஸ் என்று வந்தது. மறுபடியும் உஸ். நீ ட்ரம்பெட்டைப் பார்த்தாய், பிறகு கதவுப் பக்கம் என்னைப் பார்த்தாய். தேர்வு எடுத்த அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் எழுந்து வந்து, அதை உன் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திருகிப் பார்த்து அரை நிமிஷத்தில் சரிசெய்தார். செய்துவிட்டுச் சொன்னார்: "வால்வு மாறிப்போயல்லோ மோளே. ஸ்வந்தம் ஹார்ன் நோக்கான் அறியாத்த குட்டி எங்ஙனெயா பேண்டில் நிக்கா?" சொந்த வாத்தியத்தையே பார்த்துக்கொள்ளத் தெரியாத பெண் எப்படி பேண்டில் நிற்பாள் என்று. திட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். எல்லாரும் முடிந்த பிறகு கடைசி ஆளாக வா என்று அனுப்பினார்.

ரெண்டு மணி நேரம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நீ அழுதாய். அழுதால் உதடு வீங்கும், மூச்சு உடைந்து உடைந்து வரும், பிறகு யாராலும் ஊத முடியாது. அது எனக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம் இருந்தது, ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நீ கோபத்தில் அழுகையை நிறுத்தியிருப்பாய், உள்ளே போய் நன்றாகவே வாசித்திருப்பாய். நான் என்ன செய்தேன்? உன் முதுகைத் தடவிக்கொடுத்து, நாரங்கா சோடா வாங்கிக் கொடுத்து, அதற்கும் ஸ்ட்ரா போட்டு, "அவசரத்துல மாத்திப் போட்டிருப்ப, விடு, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். மறுபடி கூப்பிட்டபோது உனக்கு ஒரு ஸ்வரம்கூட நேராக வரவில்லை, சென்னை அதோடு போயிற்று. வால்வை மாற்றியதைவிட இந்த வார்த்தைதான் பெரிய பாவம். வால்வை அந்த மனிதர் அரை நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். நான் சொன்னது உனக்குள் போய்ப் பதினொரு வருடமாக அப்படியே கிடக்கிறது.

அதற்குப் பிறகு நீ எப்படி ஆனாய் என்று நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறாய்? எங்கே வாசிக்கப் போனாலும் மூன்று வால்வையும் வெளியே எடுத்து எண்ணைப் பார்த்து, மறுபடி எடுத்து, மறுபடி பார்த்து. உன் கூட்டுக்காரிகள் உனக்கு "மூணுதடவை" என்று பெயர் வைத்து, அந்தப் பெயரையே போனிலும் போட்டு வைத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கார் வந்து நின்றுவிட்டது, எல்லாரும் ஊத ஆரம்பித்துவிட்டார்கள், நீ மட்டும் ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வால்வைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக ஊதுகிற இடம் வந்தால் பக்கத்திலிருப்பவளிடம் கொடுத்துவிடுவாய். எத்தனை பெருநாளில் உன்னைவிடக் குறைவாக ஊதுகிறவளுக்குக் கைதட்டல் கிடைத்ததை நீ ரெண்டாவது வரிசையில் இருந்து கேட்டிருப்பாய்? அப்போதெல்லாமும் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதிதான், முன்னால் நிற்காதவள் மேல் எவன் கையும் படாது என்று. இப்படி ஒரு அம்மா.

நேற்று நான் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஃபிலோ சேச்சி வீட்டுக்குப் போனேன். முப்பது வருடமாக இதே ஊரில் இருந்துகொண்டு அவளைப் பார்க்காமல் தெரு மாறி மாறி நடந்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயம். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "எடீ, நீ செத்துபோச்சுன்னல்லே நெனச்சேன்!" என்று கத்தினாள். கட்டிக்கொண்டாள். மேல் உதட்டில் சின்னக் கோடு, அவ்வளவுதான். பல் செட் வைத்திருக்கிறாள், என்னுடைய பல்லைவிட அழகாக இருக்கிறது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், உன்னிடம் இன்னும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன், அதற்கும் மன்னித்துக்கொள். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பல்லு போனது எனக்கல்லே? பயம் மட்டும் நீ எடுத்துட்டு போனியா?" என்றாள். தோளைப் பிடித்து என்னை உலுக்கினாள். "அடுத்த வருஷமே நான் செட்டுக்குத் திரும்பிப் போனேன், உனக்குத் தெரியாதா? ட்ரம்பெட் முடியல. சிம்பல் அடிச்சேன். பத்து வருஷம் அடிச்சேன். அந்தப் பெருநாளுக்கும் போய் அடிச்சேன், அதே ரோட்டுல." அவள் வாழ்க்கை அன்றோடு முடிந்தது என்று நானாக எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் கதையை வைத்து உன் வாழ்க்கையையும் கெடுத்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் அவள் வீட்டுப் படி ஏறிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். "சேச்சிக்குப் பயமே இல்லியா?" என்று கேட்டேன். "பின்னே? மூத்திரம் போற அளவுக்குப் பயம். பக்கத்துல நடந்தவளுக ரெண்டு பக்கமும் ஒட்டிட்டு நடந்தாளுக. நீ இருந்தா நீயும் நடந்திருப்ப" என்றாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "மோள்கிட்ட சொல்லிடு. நீ சொல்லாம அவ போமாட்டா" என்றாள்.

அதனால் சொல்லிவிட்டேன். இனி நீ பெங்களூருக்குப் போவதைப் பற்றிக் கொஞ்சம். இந்த அம்மா சொல்லி நீ ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றும், தோன்றட்டும். அங்கே போனதும் உனக்கு எது எதில் பயம் என்று அந்த ஒன்பது பேரிடமும் முதல் நாளே சொல்லிவிடு. அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. நான் என் பயத்தை ஒளித்து ஒளித்து வைத்து, கடைசியில் அது பிள்ளையின் பெட்டியைத் திறந்தது. உன் குளியலறைப் பாட்டைக் கேட்டுக்கொண்டே திறந்தது. வால்வை ஒரு தடவை பார். பார்க்காதே என்று சொல்லமாட்டேன், நன்றாக வாசிக்கிறவள் ஒரு தடவை பார்ப்பாள். ரெண்டாம் தடவை கை போனால், அது அம்மாவின் கை என்று நினைத்து எடுத்துவிடு. தெருவில் வாசிக்கிற நாளில் பக்கத்தில் நடப்பவளோடு ஒட்டி நட. யாரிடமாவது கோபம் என்றால், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல் படுக்காதே. உதடு வெடித்தால் வெண்ணெய் தடவு.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இதை எழுதும்போதே பெங்களூர் ரோடும், நடுராத்திரி பஸ்ஸும், தெரியாத ஊர்க் கூட்டமும் கண் முன்னால் வந்துகொண்டுதான் இருக்கிறது. நீ மேடையில் முன்னால் நிற்கிற ஒவ்வொரு நாளும் நான் இங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது என் பாடு. நீ அதைச் சுமக்க வேண்டாம். ஆனால் இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாயோ என்று. கத்தினால் தாங்கிக்கொள்வேன். இனி என் கையால் சாயாகூட வாங்கிக் குடிக்கமாட்டாயோ, உன் பொருளில் நான் கை வைத்தால் உடனே திறந்து பார்ப்பாயோ, அதற்குத்தான் பயம். பார்த்தால் அது நியாயம்தான்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் எங்கேயாவது வைத்துவிடலாம், நீ ரயிலில் ஏறின பிறகு படிக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. நீ முகத்தைச் சுளிப்பதை நான் பார்க்க வேண்டியிருக்காது. ஆனால் இதைப் படிக்காமல் நீ ரயில் ஏறவே போவதில்லையே. அதனால் நீ வந்து கை கால் கழுவினதும் உன் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். படித்து முடி. முடித்ததும் முதலில் பெங்களூருக்கு வருகிறேன் என்று எழுது, என்னிடம் பேசுவதற்கு முன்னால். என்னை மன்னித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. மன்னிக்காமலே போ. போய் முன்னால் நின்று ஊது.

அதற்குப் பிறகு நீ என்னைக் கூப்பிட்டால் கீழே வருவேன். கூப்பிடாவிட்டாலும் அப்பா வருகிற நேரத்துக்கு நானே இறங்கி வந்து, உன் முன்னால் நின்று, இதையெல்லாம் அவர் காதில் விழ வாய்விட்டு ஒரு தடவை சொல்வேன். பயம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் வருவேன்.

அம்மா